வட்டப் பூட்டு

வாசலில் நல்ல கார் நிற்கும். அதை விட்டுவிட்டு வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, ஓடாத காரில் உட்கார்ந்து ஓட்டுவார்கள். இந்தக் காலத்து ஆட்களை நினைத்தாலே பக்கிரிசாமிக்கு வாயில் புளித்த எச்சில் ஊறும். ரோட்டில் ஒருவன் அடிபட்டுக் கிடந்தால் ஓடிப்போய்த் தூக்க ஆள் கிடையாது, நாலு பேர் சுற்றி நின்று போனை நீட்டிப் படம் பிடிக்கிறார்கள். சோற்றுத் தட்டு முன்னால் போன், சாமி முன்னால் போன், கக்கூஸிலும் போன். ஒருத்தனையும் நம்புவதற்கில்லை. டாக்டர் கொடுக்கிற மாத்திரையைக்கூட அவர் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்துபோனது. மிச்சத்தை மூக்கும் கையும் கற்றுக் கொடுத்தன என்பார். எழுபத்தொரு வயதில் அந்த இரண்டைத் தவிர வேறெதையும் அவர் நம்பியதில்லை.

மலேசியாவில், கிள்ளானில் அவருடைய வரிசை வீட்டில், அடுப்படிக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் அறையை மகன் குரு எடுத்துக்கொண்டு ஆறு மாதமாகிறது. முப்பத்தொன்பது வயது ஆண்பிள்ளை. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் இராத்திரி ஷிப்டில் மெஷின்களைப் பழுது பார்க்கிற வேலை. காலையில் வந்து சாப்பிட்டுத் தூங்குவான், மத்தியானம் எழுந்து அந்த அறைக்குள் போய்விடுவான். உள்ளே ஓர் இரும்புச் சட்டம், அதில் திருகிய கார் சீட், எதிரே ஸ்டீரிங், காலடியில் மூன்று பெடல். முகத்தில் கண்ணை மூடுகிற கறுப்புப் பெட்டி ஒன்றை மாட்டிக்கொள்வான். பெட்டிக்குள்தான் ரோடு தெரியுமாம். சீட்டுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் இரண்டு சர்வோ மோட்டார். பெட்டிக்குள் ஓடுகிற கார் பிரேக் பிடித்தால் கம்ப்யூட்டர் மோட்டாருக்குச் சொல்லும். மோட்டார் தோள் பெல்ட்டைப் பின்னால் இழுக்கும். உட்கார்ந்திருப்பவனுக்கு நெஞ்சு அமுங்கி, நிஜமாகவே வண்டி நின்றாற்போல் இருக்கும். பிரேக்கை விட்டால் மோட்டாரும் விட்டுவிடும். இந்த இழுவைப் பெட்டியைத்தான் குரு செய்து, போனில் படம் போட்டு விற்றுக்கொண்டிருந்தான்.

"காசு குடுத்து நெஞ்ச அமுக்கிக்கிறானுங்களா?" என்று ஒரு தடவை கேட்டார் பக்கிரிசாமி. குரு சிரித்தான். அவனுக்கே பிறந்ததிலிருந்து இழுப்பு நோய். இரவில் மூச்சு விசிலடிக்கும், நீல மருந்துக் குழாய் சட்டைப் பையை விட்டு இறங்காது. நெஞ்சை அமுக்குகிற சாமானைச் செய்ய உலகத்தில் இவன்தானா கிடைத்தான் என்று கிழவருக்கு எரிச்சல். ஒரே பிள்ளை வேறு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் குரு முன்னறையில் உறங்கிக்கொண்டிருந்தான். மருமகள் குமுதா வேலை செய்கிற பாலர் பள்ளியிலிருந்து இன்னும் திரும்பவில்லை. பக்கிரிசாமி அடுப்படி மேசையில் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தபோது பின்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கொசு காதுக்குள் புகுந்தாற்போல் மெல்லிய இரைச்சல், பிறகு நைலான் பட்டை ஒன்று விறைத்து நெரிகிற கிறீச்சு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி இரைச்சல், மறுபடி கிறீச்சு. தேத்தண்ணி ஆறி ஏடு கட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார்.

அறையில் யாருமில்லை. கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. காலையில் நாலு பக்கமும் அவிழ்ந்து, காயப் போட்ட மாட்டுக் குடல்போலத் தொங்கிக்கொண்டிருந்த பெல்ட் இப்போது பூட்டியிருந்தது. தோளிலிருந்து இரண்டு வார், இடுப்பிலிருந்து இரண்டு வார், நாலும் நடுவில் இருந்த வட்டப் பூட்டில் கச்சிதமாகச் செருகி, சீட்டோடு சீட்டாக இறுகிக் கிடந்தன. அதோடு அந்த வாடை. கழுவாத சில்லறைக் காசை நாக்கில் வைத்தாற்போல் ஒரு கசப்பு, அதற்கு மேல் புளித்த பால், அதற்கும் அடியில் மழையில் நனைந்த தென்னைமட்டை மக்கினாற்போல் ஓர் இனிப்பு. வாரைத் தொட்டார். ஈரம். வெதுவெதுப்பு. விரலை வேட்டியில் துடைத்தார், துடைத்த இடத்தையும் முகர்ந்து பார்த்தார், பிளக்கைப் பிடுங்கிப் போட்டார்.

எழுந்து வந்த குரு அலட்டிக்கொள்ளவில்லை. சுவிட்சை அணைத்தாலும் மோட்டாருக்குள் கொஞ்ச நேரம் கரண்டு மிச்சம் நிற்கும், அது இறங்கும்வரை தானாக இரண்டு இழுப்பு இழுக்கும் என்றான். பூட்டை யார் பூட்டியது என்று கேட்டதற்கு, குமுதாவாக இருக்கும் என்றான். குமுதா ஆறு மணிக்கு வந்து, நான் அந்த நாத்தத்தைத் தொடுவேனா மாமா என்றாள்.

அந்த பெல்ட் எங்கிருந்தோ வந்ததில்லை. அந்த அறையிலேயே இருந்தது. போன வாரம் மிச்சச் சாமானை ஒழித்தபோது மேல் தட்டில், காய்ந்த பெயிண்ட் டின்களுக்குப் பின்னால், கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கிடந்தது. பந்தயக் கார்களில் போடுகிற சாமான். நடுப் பூட்டில் காதுபோல நீட்டிய பிடியைத் திருகினால் நாலு வாரும் ஒரே நேரத்தில் கழன்று விழும். குரு அதைக் கண்டதும் தீபாவளித் துணியைப் பிரித்தவன் போலாகிவிட்டான். எங்கே கிடைத்தது என்று கேட்டான். கடையில் கிடந்தது என்றார். அதில் பாதி உண்மைதான். முப்பது வருஷம் அவர் மேரு ரோட்டில், பழைய கார்களை வெட்டிப் பாகம் பாகமாக விற்கிற கடையில் வேலை பார்த்தவர். விபத்தான கார்களை இழுத்து வர லோரியோடு போனவர். அந்த வீட்டில் பாதிச் சாமான் கடையில் கிடந்ததுதான்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். அதனால் சொல்லவில்லை.

பூட்டு துருவேறித் திருக வரவில்லை. குரு எண்ணெய் விட்டுப் பார்த்தான், ஸ்பேனரால் தட்டிப் பார்த்தான். பக்கிரிசாமி வாங்கி, கட்டைவிரலைப் பூட்டின் காதில் வைத்து மூன்று தடவை ஆட்டி ஓர் இழுப்பு இழுத்தார். திறக்கவில்லை. மறுபடி மூன்று ஆட்டு, ஓர் இழுப்பு. திறந்துகொண்டது. எப்படிப்பா என்று மகன் ஆச்சரியப்பட்டான். கை மறக்கவில்லையே என்று அவருக்குத் தன் கைமேலேயே ஓர் அருவருப்பு வந்தது. போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். இரண்டு முறை.

குமுதா அதை டெட்டாலில் ஊற வைத்தாள். முதல் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் எண்ணெய்ப் படலமாக ஏதோ மிதந்தது. பூட்டின் இடுக்கை ஊசியால் நோண்டியபோது குட்டையாக இரண்டு முடி வந்தன, வேரில் வெள்ளையாக ஒட்டியதோடு. யாருடையது என்று கேட்டாள். நாய் முடியாயிருக்கும் என்றார் பக்கிரிசாமி. அவள் நம்பவில்லை என்பது அவள் ஊசியைத் தூக்கிக் குப்பையில் போட்டதிலேயே தெரிந்தது.

புது வண்டி வந்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது வழக்கம். பெல்ட் மாட்டின இந்த சீட்டுக்குச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று குரு கேலி செய்தான். குமுதா விடவில்லை. பிரேக் பெடலுக்கு அடியில் ஒரு பழத்தை வைத்து அவனை மிதிக்கச் சொன்னாள். இன்னொன்றை மிளகாயோடு கோத்து வலது தோள் வாரில் கட்டினாள்.

"ஓடாத காருக்கு எவன் கண்ணு படப்போவுது?" என்றார் கிழவர்.

"ஓடற காரவிட இதுலதான் மாமா உங்க மகன் உசுரு இருக்கு."

அந்தச் சத்தம் கேட்டதற்கு மறுநாள், புதன்கிழமை காலையில், அந்தப் பழம் கட்டின இடத்திலேயே தொங்கியது. தோல் மட்டும் வெற்றிலைபோலத் தட்டையாகியிருந்தது. விதைகள் ஓரத்தில் பிதுங்கி நின்றன. சாறு வாரோடு வழிந்து, பூட்டில் தேங்கி, நுரைத்து, அதில் இரண்டு சின்ன ஈக்கள் ஒட்டிக்கொண்டு உயிரோடு துடித்துக்கொண்டிருந்தன. மோட்டார்க் கையில் சிக்கியிருக்கும் என்றான் குரு. மோட்டார்க் கை சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, பழம் முன்னால் தொங்குகிறது. இதைச் சொல்லப் படிப்பு வேண்டியதில்லை.

சனிக்கிழமை மாலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து சபாபதி வந்தார். அங்கே ஒரு கடைவீட்டு மாடியில் இந்த மாதிரி சீட்டுகளைப் போட்டு, மணிக் கணக்குக்கு வாடகை விடுகிற ஆள். பெரிய தொப்பை, பெரிய சிரிப்பு, கழுத்தில் துண்டு. உள்ளே வந்ததும் மூக்கைச் சுருக்கி, மீன் ஏதும் கெட்டுப்போச்சா அங்கிள் என்று பக்கிரிசாமியைக் கேட்டார். பிறகு சீட்டில் தம் பிடித்து இறங்கி, வார்களைப் பூட்டிக்கொண்டு, முகத்தில் பெட்டியை மாட்டிப் பத்து நிமிஷம் ஓட்டினார். வளைவில் திட்டினார், நேர் ரோட்டில் பாடினார். ஒரு வழியாக வண்டியை நிறுத்தினார். நிறுத்தியும் எழுந்திருக்கவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கவனிப்பவர்போல் இருந்தார்.

"பாஸ், இந்த மூச்சு விடற புரோகிராம் செம லா. யாரு எழுதுனா?"

என்ன மூச்சு என்றான் குரு.

"வண்டிதான் நின்னுருச்சே. பிரேக்லருந்து காலையும் எடுத்துட்டேன், பாரு. இன்னும் இழுக்குது, விடுது. இழுக்குது, விடுது. என் மூச்சு இல்ல லா இது. என் மடியில ஒருத்தன் உக்காந்து மூச்சு விடற மாதிரி இருக்கு."

குரு கதவோரம் நின்ற அப்பாவைப் பார்த்தான். பிறகு யாவாரிகளுக்கே உரிய சிரிப்போடு, அது நானே எழுதினதுதான் பாஸ் என்றான்.

சபாபதி எழுந்தபோது அவர் வெள்ளைச் சட்டையில் இரண்டு தோளிலிருந்தும் பழுப்பாக இரண்டு கோடு இறங்கியிருந்தது. துண்டால் தேய்த்தார், போகவில்லை. தேய்த்த துண்டை முகர்ந்ததும் அவர் சிரிப்புப் போய்விட்டது. அடுப்படித் தொட்டியில் குனிந்து மூன்று தடவை வாய் கொப்பளித்தார். ஆனாலும் ஆள் யாவாரி. ஐந்து பெட்டி வேண்டும், திங்கட்கிழமை வந்து பேசுகிறேன், அந்த மூச்சு கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குரு அன்று இரவு வேலைக்குப் போகும்வரை கம்ப்யூட்டரைக் குடைந்தான். அப்படி ஒரு புரோகிராம் அதில் இல்லை. அவனுக்குப் பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. எந்தக் கோளாறில் அது வருகிறது என்று கண்டுபிடித்தால் காசாக்கிவிடலாம் என்ற பரபரப்புத்தான் வந்தது. சட்டை மாற்றும்போது பக்கிரிசாமி பார்த்தார். தோள்களிலிருந்து நெஞ்சுக்கு இரண்டு ஊதாத் தடிப்பு. நெஞ்சுக் குழிக்கு மேல் வட்டமாக ஒரு கன்றல், ஓரம் மஞ்சளும் நடு கறுப்புமாக, கனிந்து அழுகத் தொடங்கின மங்குஸ்தான்போல. மூச்சில் விசில் ஏறியிருந்தது. சட்டைப் பையில் இரண்டு நீலக் குழாய்.

"அத எடுத்துரு. வேற பெல்ட்டு போட்டுக்க."

"ஏன்பா?"

"நாறுது."

"நாத்தம் மட்டுந்தானா?" குரு பொத்தானைப் போட்டுக்கொண்டே அவர் முகத்தையே பார்த்தான். "காரணம் சொல்லுங்க. சொன்னா இப்பவே கழட்டி எறிஞ்சிர்றேன்."

ஒரு வாக்கியம்தான். அவர் வாய்வரை வந்தது. வந்து, அங்கேயே உப்பாகக் கரைந்தது.

"வேலைக்கி நேரமாவுது, போ" என்றார்.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பந்திங் ரோட்டில், மழை விட்ட ஒரு விடிகாலை. இழுவை லோரிக்காரன் எப்போதும் போலீசுக்கு முன்னால் போவான், முந்துகிறவனுக்குத்தான் வண்டி. செம்பனைத் தோட்டத்து ஓரக் கால்வாயில் ஒரு கார் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. லோரிக்குச் சரியான இடம் பார்த்துவர டிரைவர் முன்னே போய்விட்டான். பக்கிரிசாமி மட்டும் இறங்கினார். உள்ளே பந்தயக்காரன் மாதிரி நாலு வார் பெல்ட்டில் ஒருவன் தொங்கிக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். கனத்த உடம்பு. உடம்பின் பாரம் முழுதும் வாரில் இறங்கி, வார் நெஞ்சுக்குள் புதைந்திருந்தது. ஆனால் உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. அண்ணே, அறுத்துருங்கண்ணே, மூச்சு முட்டுது என்றான். நம்ம ஆள்.

கத்தி இடுப்பில் இருந்தது. கொக்கி மாதிரி வளைந்த கத்தி, ஓர் இழுப்பில் பெல்ட் இரண்டாகும். ஆனால் கடை முதலாளி, தவுக்கே, நாள் தவறாமல் சொல்கிற பாடம் ஒன்று உண்டு: அறுத்த பெல்ட் குப்பை, முழு பெல்ட் சரக்கு. அதுவும் பந்தய பெல்ட். பூட்டைத் திறந்தால் ஆளும் வருவான், பெல்ட்டும் வரும். ஒரு நிமிஷ வேலைதானே என்று நினைத்தார். கட்டைவிரலைப் பூட்டின் காதில் வைத்தார். மூன்று ஆட்டு, ஓர் இழுப்பு. அவன் அண்ணே என்றான். மூன்று ஆட்டு, ஓர் இழுப்பு. வார் கெட்டுவிடாதபடி, பதமாக. அவன் அவர் கைமேல் வாந்தி எடுத்தான். சூடாக இருந்தது. இந்தா வந்துருச்சு தம்பி, இந்தா வந்துருச்சு என்று சொல்லிக்கொண்டே ஆட்டினார். வந்தபோது அவன் நனைந்த மூட்டையாக அவர்மேல் விழுந்தான்.

நான் வந்தப்பவே முடிஞ்சிருச்சு என்று போலீசுக்கும், தீயணைப்பு வண்டியில் வந்த பொம்பாக்காரர்களுக்கும் சொன்னார். அன்றைக்கு அந்த ரோட்டில் ஒருவனும் போனை நீட்டிக்கொண்டு நிற்கவில்லை. அது ஒன்றுதான் அவருக்கு ஆறுதல்.

பெல்ட்டை யாரும் வாங்கவில்லை. நாறுகிறது என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வானம் அடுப்புக் கரியாக இருண்டு மழை பிடித்துக்கொண்டது. குமுதா சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். குரு தூங்குகிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருந்தான். தகரக் கூரைமேல் மழை கொட்டுகிற இரைச்சலில் ஆணி பிடுங்கினால்கூட வெளியே கேட்காது. இதுதான் நேரம் என்று நினைத்தார். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கழற்றி, பையில் போட்டு, பாலத்தில் நின்று ஆற்றில் எறிந்துவிட்டால் யார் கேட்பது. தகரப் பெட்டியிலிருந்து பழைய கத்தியை எடுத்துக்கொண்டு அடுப்படியைத் தாண்டினார். வாடை கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தது, வரவேற்கிற ஆள்மாதிரி.

கதவைத் தள்ளினார்.

குரு தூங்கவில்லை. சீட்டில் இருந்தான். முகத்தில் கறுப்புப் பெட்டி. பக்கத்தில் இருந்த சின்னத் திரையில் அவன் பார்க்கிற ரோடு தெரிந்தது: வண்டி ஓடவில்லை, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. புல். தண்ணீர். வரிசையாக நின்ற மரங்கள் செம்பனையா வேறு ஏதுமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபட வேண்டாம் என்று கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

மோட்டார் இரைந்தது. இழுத்தது. விட்டது. இழுத்தது.

விடவில்லை.

குருவின் கை ஸ்டீரிங்கில் இல்லை. வாரைப் பிடித்திருந்தது. கால்கள் பெடல்களை உதைத்துக்கொண்டிருந்தன. பெட்டிக்குக் கீழே வாய் மட்டும் தெரிந்தது. உதடு நாவற்பழ நிறம். ஓரத்தில் நுரை.

"குரு."

வாய் திரும்பியது. கண் இல்லாமல், வாய் மட்டும் அவர் பக்கம் திரும்பியது.

"அண்ணே" என்றது.

மழை கொட்டியது.

"அறுத்துருங்கண்ணே."

கத்தி இடது கையில் இருந்தது. அவருக்குத் தெரியும். அது அங்கே இருப்பது நன்றாகத் தெரியும். ஆனால் வலது கை முந்திக்கொண்டது. போய்ப் பூட்டில் உட்கார்ந்தது. கட்டைவிரல் தன் இடத்தைக் கண்டுபிடித்தது. மூன்று ஆட்டு. ஓர் இழுப்பு. திறக்கவில்லை. மூன்று ஆட்டு. ஓர் இழுப்பு. பதமாக. விடு, அறு, என்று தலைக்குள் கத்தினார். கை கேட்கவில்லை. இந்தா வந்துருச்சு தம்பி. சொன்னது யார்? அவர் வாய்தான். மூன்று ஆட்டு. பூட்டு வெதுவெதுப்பாக இருந்தது. வழவழத்தது. விரலுக்கடியில் குட்டைக் குட்டையாக முடி. ஓர் இழுப்பு.

சூடாக ஏதோ அவர் கைமேல் வழிந்தது.

புளித்த பால்.

அப்போதுதான் இடது கைக்கு உயிர் வந்தது. வலது தோள் வாரில் கத்தியைக் கொக்கியாக மாட்டி இழுத்தார். அறுந்தது. இடது வார். அறுந்தது. சுமை விட்ட மோட்டார்கள் வீறிட்டுச் சுற்றின, அறுந்த நுனிகள் பின்னால் போய்ச் சுவரில் சாட்டையாக அடித்தன. குரு அவர்மேல் சரிந்தான்.

நனைந்த மூட்டையாக.

ஆனால் இந்த மூட்டை இருமியது. கறுப்புப் பெட்டியைப் பிடுங்கி எறிந்து, இடுப்பு வாருக்குள்ளிருந்து அவனை உருவி எடுத்து, நீலக் குழாயை அவன் வாயில் வைத்து அழுத்தினார். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் விசில் வந்தது. அந்த விசிலைக் கேட்டு அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குள் குமுதா வந்து, பையைப் போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்குக் காரை எடுத்தாள். கைத்தாங்கலாக அவனை ஏற்றும்போது பக்கிரிசாமி அவன் காதருகே குனிந்தார். "என்னைய அண்ணேன்னு கூப்புட்டியா?"

"பேச ஏதுப்பா மூச்சு?" குருவின் குரல் கரகரத்தது. கதவைச் சாத்தப் போனவரின் மணிக்கட்டைப் பிடித்தான். "கத்திய கையில வச்சுக்கிட்டு எதுக்குப்பா பூட்ட ஆட்டிக்கிட்டே இருந்தீங்க?"

அவர் கதவைச் சாத்தினார். கார் மழைக்குள் போய் மறைந்தது.

கையைக் கழுவினார். சவர்க்காரம் தீரும்வரை கழுவினார். பிறகு கறுப்புப் பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். இன்றே ஆற்றுக்குப் போய்விட வேண்டியதுதான். முதலில் சுவிட்சு. மூன்று முனைப் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் அணைந்தது. சின்னத் திரை அணைந்தது. மோட்டார் இரண்டும் அடங்கின. மழையும் நின்றிருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும்.

அதற்கு நடுவில் இன்னொரு சத்தம்.

டக் டக் டக். கிறீச்.

நிமிர்ந்து பார்த்தார்.

இடுப்பு வார் இரண்டும் சீட்டில் படுத்திருக்கவில்லை. சீட்டை விட்டு ஒரு சாண் எழும்பி, பருத்த வயிறு ஒன்றைச் சுற்றினாற்போல் விறைத்து நின்றன. அறுந்த தோள் வாரின் கட்டை நுனிகள் இரண்டும் பூட்டிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருந்தன, தோள் இருக்க வேண்டிய பக்கமாக. நடுவில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் அந்தரத்தில் பூட்டு தொங்கியது. நனைந்த பளபளப்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு குழி விழுந்திருந்தது. அந்தக் குழி அசைந்தது. பூட்டின் காது மெதுவாகத் திரும்பியது.

மூன்று ஆட்டு. ஓர் இழுப்பு.

அவசரமில்லாமல். வார் கெட்டுவிடாதபடி. பதமாக.

"உள்ள கரண்டு மிச்சம் இருக்கும்" என்றார் உரக்க. பிளக் அவர் கையில் இருந்தது. பூட்டில் எந்த மோட்டாரும் மாட்டியிருக்கவில்லை. அவருக்குத் தெரியும்.

பையை அங்கேயே போட்டார். திரும்பி அடுப்படியைக் கடந்தார், முன்னறையைக் கடந்தார், செருப்பை மாட்டினார். பேயாவது பிசாசாவது. செத்தவன் செத்தவன்தான், எத்தனை பேரை இந்தக் கையால் இழுத்துப் போட்டிருக்கிறார், ஒருத்தனாவது எழுந்து வந்தானா. கரண்டு என்றால் கரண்டு. அதையும்தான் அவர் நம்பவில்லை.

வெளிக் கேட்டின் கொண்டி மழையில் ஊறி இறுகியிருந்தது. கட்டைவிரலை வைத்து மூன்று தடவை ஆட்டி ஓர் இழுப்பு இழுத்தார். வீட்டுக்குள்ளிருந்து, அதே நேரத்தில், அதே தாளத்தில், டக் டக் டக், கிறீச்.

கையை நிறுத்தினார். உள்ளேயும் நின்றது.

பிறகு மறுபடி ஆட்டினார். கேட் திறந்துகொண்டது. உள்ளே திறக்கவில்லை, அது மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தது. ஈர ரோட்டில் செருப்பு சப்பென்று ஒட்டி ஒட்டி எழ, மோட்டார்தான், வேறென்ன, மோட்டார்தான் என்று நம்பாமலே தனக்குள் சொல்லிக்கொண்டு பக்கிரிசாமி நடந்தார். வலது கட்டைவிரலை மட்டும் இடது கைக்குள் இறுக்கி மூடி வைத்திருந்தார்.